கிருஷ்ணகிரியிலிருந்து அவ்வளவு தூரம் போய் கார் ரேஸ் பார்க்கணுமா?

பர்கூர் நண்பர் கேட்டது, ஆகஸ்ட் 19

சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் ரேஸுக்குப் போய் வந்ததாகச் சொன்னீர்கள். போக 220, வர 220 கிலோமீட்டர். டீசல், சுங்கம், வெயில். டிவியில் பத்துப் பக்கம் கேமரா வைத்துக் காட்டுகிறார்கள். நேரில் போனால் ஒரு கார் நம் கண்முன் மூன்று நொடி இருக்குமா? அந்த மூன்று நொடிக்கா இவ்வளவு அலைச்சல்? பையனுக்கு 11 வயது, கூட்டிப்போ கூட்டிப்போ என்று நச்சரிக்கிறான். தகுமா தகாதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 19, இரவு 9.40

தகும்.

ஆகஸ்ட் 19, இரவு 11.15

ஒரே வார்த்தை கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் படுத்தும் மனசு ஆறவில்லை, எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் மூன்று நொடிக் கணக்கு சரிதான். அன்று காலை முதல் ஒரு மணி நேரம் எனக்கும் அதே எண்ணம்தான் ஓடியது.

விடியற்காலை நான்கு மணிக்குக் காவேரிப்பட்டணத்தில் கிளம்பினோம். நான், மனைவி, பையன், பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி. ஆம்பூர் தாண்டும்போது வெளுத்தது. வாலாஜாவுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, கட்டிக்கொண்டு போன இட்லியைச் சாப்பிட்டோம். எங்கள் ஊர் நிப்பட்டு ஒரு பெரிய டப்பா நிறைய இருந்தது, அது ரேஸ் முடியும்வரை தாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி உள்ளே போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது.

எல்லோரையும் போல மெயின் ஸ்ட்ரெய்ட் என்ற நீள நேர்கோட்டுக்கு எதிரே கேலரியில் உட்கார்ந்தோம். கார் ஒரு பக்கம் வரும், காதைக் கிழிக்கும், மறுபக்கம் போய்விடும். ஒரு சுற்று முடித்து மறுபடி வர இரண்டு நிமிடத்துக்கு முன்னே பின்னே ஆகும். 14 வளைவு கொண்ட பாதை, நமக்குத் தெரிவது ஒரு துண்டு. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் உங்கள் கேள்வி முழுவதும் இருந்தது.

பத்து மணிக்கு இடம் மாறினோம். அங்கேதான் எல்லாம் மாறியது. தூக்கம் வருகிறது, நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 20, காலை 6.30

கேலரியை விட்டு நடந்து, நேர்கோடு முடிந்து வேகம் அடங்கும் ஒரு வளைவு தெரிகிற இடத்துக்குப் போனோம். நிழல் கிடையாது. கம்பி வேலி, அதற்கு அப்பால் புல், அதற்கும் அப்பால் பாதை. ஓரத்தில் தூரம் எழுதிய பலகைகள்: 150, 100, 50. வளைவுக்கு இன்னும் இத்தனை மீட்டர் என்று ஓட்டுபவருக்குச் சொல்பவை.

முதல் கார் வந்தது. 150 பலகையைத் தாண்டியது, சத்தம் குறையவில்லை. 100 பலகையை நெருங்கியது, இன்னும் குறையவில்லை. நிற்கமாட்டான் என்று எனக்கு அடிவயிற்றில் பிடித்துக்கொண்டது. திடீரென்று மூக்கு தரையில் குத்துவது போல இறங்கியது, பின்பக்கம் தூக்கியது, கியர் ஒவ்வொன்றாகக் கீழே விழும் சத்தம் தட தடவென்று வந்தது. அடுத்த கணம் வண்டி வளைவுக்குள் இருந்தது. கொஞ்சம் கழித்துக் காற்றில் ஒரு வாசனை.

அந்த வாசனை எனக்குத் தெரியும். நான் 22 வருஷமாக லாரிக்கு பிரேக் லைனிங் மாற்றும் வேலை செய்கிறவன். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறக்கிக்கொண்டு வந்த லாரியின் சக்கரத்தைக் கழற்றினால் அதே வாசனைதான் வரும். ஆனால் தொப்பூரில் அது பயத்தின் வாசனை. இங்கே ஒருவர் அதை வேண்டுமென்றே, அளந்து, சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் உண்டாக்குகிறார்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 120-இல் போகும் வண்டியை 60-க்குக் கொண்டுவந்தால் பாதிதான் குறைந்தது என்று தோன்றும். உண்மையில் வண்டியில் இருந்த ஆற்றலில் முக்கால் பங்கை பிரேக் வாங்கிச் சூடாக மாற்றியிருக்கும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அந்த முக்கால் பங்கு எங்கே போகிறது என்பதை டிவி காட்டாது. நேரில் அது மூக்குக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரிகிறது.

யார் கடைசியில் பிரேக் போடுகிறாரோ அவர்தான் ஜெயிக்கிறார். ரேஸ் என்பது பிரேக் விளையாட்டு. அதனால்தான் சொல்கிறேன், நேர்கோட்டில் நிற்காதீர்கள்.

ஆகஸ்ட் 20, மதியம் 1.10

திருத்தம். நேற்று இரவு 14 வளைவு என்று எழுதிவிட்டேன், 12தான். பாதையின் நீளம் 3.717 கிலோமீட்டர். வளைவுகளுக்கு சி-1, சி-2 என்று வரிசையாகப் பெயர், அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். சுட்டிக்காட்டிய ஓசூர் நண்பருக்கு நன்றி.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதையும் சேர்க்கிறேன். அதே பாதையில்தான் தேசிய பைக் ரேஸும் நடக்கிறது. நம் மாவட்டத்து ஓசூரில் இருக்கும் டி.வி.எஸ். நிறுவனத்தின் ரேஸ் அணி 1982-இலிருந்து இருக்கிறது. ஆகவே அந்தப் பாதை நமக்கு அந்நியம் இல்லை.

ஆகஸ்ட் 20, இரவு 10.05

“தகுதிச் சுற்று என்றால் என்ன, அதையும் பார்க்கணுமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம் எருது விடும் விழாதான். தெருவில் இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி, குறிப்பிட்ட தூரம் அளந்து, எருதுகளை ஒவ்வொன்றாக விடுகிறோம். எருதும் எருதும் மோதுவதில்லை. கடிகாரத்தோடுதான் போட்டி, குறைந்த நொடியில் கடந்ததற்கு முதல் பரிசு. தகுதிச் சுற்றும் அதே கதை. பாதையில் பல கார்கள் ஓடினாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நேரம் குறிக்கிறார்கள். ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டு எழுதுகிறார்கள். யார் வேகமோ அவர் முதல் வரிசையில் நின்று கிளம்புவார்.

ரேஸ் என்பது அப்புறம் வருவது. அத்தனை எருதையும் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டால் எப்படி இருக்கும்? அது.

நாங்கள் தாமதமாகப் போனதால் தகுதிச் சுற்றின் முதல் பாதியைத் தவறவிட்டோம். பட்டறைத் தம்பிக்கு அதில் இன்னமும் வருத்தம். அவன் வீட்டில் எருது வளர்க்கிறார்கள். எருதை விடுவதற்கு முன்னால் அதன் கண்ணைப் பார்த்தே இன்று ஓடுமா ஓடாதா என்று சொல்லிவிடுவான். காரைப் பார்த்தும் அப்படிச் சொல்லப் பார்த்தான். பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னான். எப்படிடா என்றேன். “கிளம்பறதுக்கு முன்னாடி ஓட்டுறவர் அசையாம உக்காந்திருந்தா ஓடும்ணே” என்றான்.

ஆகஸ்ட் 21, இரவு 8.20

சேலத்திலிருந்து ஒருவர் சரியான இடத்தில் பிடித்தார். “கார் ரேஸ், கார் ரேஸ் என்கிறீர்கள். அன்று ஓடியவை ஸ்போர்ட்ஸ் கார்களா?”

இல்லை. கறாராகச் சொன்னால் அன்று ஓடியவை இரண்டு வகை. ஒன்று சலூன் கார்கள், நாம் ரோட்டில் பார்க்கும் கார்களையே உள்ளே எல்லாம் பிடுங்கி, இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, ரேஸுக்குத் தயார் செய்தவை. இன்னொன்று சக்கரம் வெளியே தெரியும் ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்கள். எல்.ஜி.பி. என்று அங்கே சொல்லும் சின்ன கார்கள் அதில் உண்டு, மாருதி ஸ்விஃப்ட் இன்ஜின்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் என்பது வேறு மரபு. சக்கரத்தை மூடிய உடல், பல மணி நேரம் ஓட்டம், ஒரே காரை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவது. அதற்குத் தாய்வீடு பிரான்சின் லே மான். 1923-இல் தொடங்கிய 24 மணி நேர ஓட்டம், ஒரு சுற்றே 13.626 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் ஓட்டுநர்கள் சாலையின் ஒரு பக்கம் நிற்பார்கள், கொடி அசைந்ததும் குறுக்கே ஓடிப்போய் காரில் ஏறிக் கிளம்புவார்கள். அவசரத்தில் பெல்ட் போடாமலே கிளம்பிவிடுவார்கள். 1969-இல் ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் இது தப்பு என்று காட்ட, மற்றவர்கள் ஓடும்போது தான் மட்டும் மெதுவாக நடந்து போய், நிதானமாக பெல்ட் போட்டுக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். அந்த வருஷம் ஜெயித்ததும் அவர் ஓட்டிய கார்தான். அடுத்த வருஷத்திலிருந்து ஓடிப்போய் ஏறும் பழக்கம் நின்றது. இதை நான் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்கிறேன். பெல்ட் போட்டவர் ஜெயித்தார்.

நம் ஆட்களில் லே மானில் முதலில் ஓடியவர் சென்னையின் கருண் சந்தோக், 2012-இல். அவர் இருந்த கார் மொத்தத்தில் ஆறாவது வந்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2009-இலேயே போனார், ஆடி கார் தயாராக நின்றது. ஓட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் தோளில் அடிபட்டு ஓட முடியாமல் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 22, காலை 7.00

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. “துபாயில் அஜித் அணி மூன்றாம் இடம் என்றார்களே, மொத்தத்தில் மூன்றா?”

மொத்தத்தில் இல்லை, அவர்கள் பிரிவில் மூன்று. 2025 ஜனவரி, துபாய் 24 மணி நேர ஓட்டம், 991 என்ற பிரிவு, போர்ஷே கார். இதனால் அந்த வெற்றி சின்னது என்று நினைக்க வேண்டாம். ஒரே பாதையில் வேகமான பிரிவும் மெதுவான பிரிவும் சேர்ந்து ஓடும். மெதுவான காரை ஓட்டுபவர் தன் பிரிவுக்காரரோடும் போராட வேண்டும், பின்னாலிருந்து பாய்ந்து வரும் பெரிய காருக்கும் வழிவிட வேண்டும், அதுவும் இருட்டில். அந்த வாரத்தில்தான் பயிற்சியில் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அதை வீடியோவில் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

என் மச்சான் அங்கே வேலையில் இருக்கிறான், நேரில் போனான். நடுராத்திரி எனக்கு போன் செய்தான். பின்னால் ஒரே இரைச்சல். “மாமா, சக்கரத்துக்குள்ள அடுப்பு எரியுது மாமா!” என்று கத்தினான். தீப்பிடித்துவிட்டதோ என்று பதறிவிட்டேன். இல்லை, பிரேக் டிஸ்க். வளைவுக்கு முன்னால் பிரேக் போடும்போது டிஸ்க் பழுக்கக் காய்ந்து செம்மஞ்சளாக ஒளிர்கிறது, காலை எடுத்ததும் அணைகிறது. இருட்டில்தான் அது கண்ணுக்குத் தெரியும். கொல்லன் உலைக்களத்தில் இரும்பு காய்கிற அதே நிறம் என்றான். அவன் அப்பா கொல்லர், அந்த நிறத்தில் அவனுக்குத் தப்பு வராது.

ஆகஸ்ட் 23, இரவு 9.30

இன்று அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாளும் என்னிடம் சொல்லாத கதை ஒன்று வந்தது.

அப்பா 80-களில் லாரி கிளீனர். இங்கிருந்து செங்குன்றம் ரைஸ் மில்களுக்கு நெல் லோடு போகும். அதற்குப் பக்கத்தில் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை, அதில்தான் அந்த நாளில் ரேஸ். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டைப் பாதை 1990-இல் வந்த பிறகுதான் ரேஸ் அங்கே மாறியது.

லோடு இறக்க முறை வராமல் ஒரு நாள் காத்திருந்தபோது, டிரைவர் இவரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டமாம். ஒருவர் தோளில் ஒருவர். “என்ன காரு, யாரு ஓட்டுனாங்க, ஒண்ணும் தெரியாது. சத்தம் நெஞ்சுக்குள்ள வந்து அடிச்சுது. அது மட்டும் இப்பவும் இருக்கு” என்றார். நாற்பது வருஷம் அதை மனசில் வைத்திருந்திருக்கிறார். அடுத்த முறை அவருக்குத்தான் முதல் இடம்.

ஆகஸ்ட் 24, காலை 11.45

ஞாபகத்தில் விட்டுப்போனது: எல்.ஜி.பி. கார்களின் ரேஸ். அதுதான் அன்று எழுந்து நின்று கத்த வைத்தது, அதுவும் நேர்கோட்டில்!

முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வருபவருக்குக் காற்றுத் தடை குறைவு. அதனால் அதே இன்ஜினில் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும், கடைசி நேரத்தில் வெளியே எட்டிப் பாய்ந்து முந்துவார். அடுத்த சுற்றில் முந்தப்பட்டவர் அதையே திருப்பிச் செய்வார். ஐந்தாறு கார்கள் கோத்த மணி போல வந்தன. ஒவ்வொரு சுற்றும் முதலில் வந்தது வேறு வேறு கார். ஹைவேயில் பெரிய லாரிக்குப் பின்னால் சின்ன வண்டி இழுபட்டுப் போவதை நாம் பார்த்திருக்கிறோம், அதே காற்றுதான். ரோட்டில் யாரும் அதைச் செய்ய வேண்டாம். முன்னால் போகிறவர் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்பதை என் பட்டறைக்கு வந்து பாருங்கள்.

ஆக, நேர்கோட்டில் நிற்காதீர்கள் என்று நான் சொன்னது முழு உண்மை இல்லை. எல்.ஜி.பி. ஓடும்போது கேலரிக்குப் போங்கள், சலூன் ஓடும்போது வளைவுக்கு வாருங்கள்.

ஆகஸ்ட் 24, மாலை 6.00

பக்கத்தில் வேறு ரேஸ் பாதை உண்டா என்று கேட்ட தருமபுரி நண்பருக்கு: உங்களுக்குக் கோவை பக்கம். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2003-இல் திறந்தது, 2.1 கிலோமீட்டர், சின்னப் பாதை. குறைந்த செலவில் நம் பிள்ளைகள் ஓட்டுவதற்கு மாருதி இன்ஜினில் ஃபார்முலா கார் கட்டிய கரிவர்தன் பெயரில் உள்ளது. அவர் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். தொப்பூர் இறங்கித்தான் போகணும், கியரிலேயே இறக்குங்கள்.

ஆகஸ்ட் 25, இரவு 10.50

இப்போது எழுதப்போவது எனக்கு முக்கியம். 20-ஆம் தேதி காலையில், கடைசியில் பிரேக் போடுகிறவர்தான் ஜெயிக்கிறார் என்று எழுதினேன். அது தப்பு. தப்பு என்று கண்டுபிடித்தது என் பையன், அதுவும் அன்றைக்கே. நான்தான் காதில் வாங்கவில்லை.

அந்த வளைவில் நின்றபோது அவன் பலகைகளை வைத்து ஒவ்வொரு காரும் எங்கே பிரேக் போடுகிறது என்று நிப்பட்டு டப்பா மூடியில் பேனாவால் குறித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்றில் சொன்னான்: “அப்பா, அந்த மஞ்சள் கார் எல்லாரையும் விட முன்னாடியே பிரேக் போடுது. ஆனா முன்னாடி போயிட்டே இருக்கு.” நீ சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்று அந்த மூடியை எடுத்துப் பார்த்தேன். பத்துச் சுற்றுக்குக் கோடு போட்டிருக்கிறான். சிவப்பு கார் 100 பலகையைத் தாண்டி. மஞ்சள் கார் 100-க்கு முன்னாலேயே, பத்துச் சுற்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில். யோசித்தால் புரிகிறது. கடைசிவரை இழுத்துப் பிரேக் போட்ட சிவப்பு கார் வளைவின் நடுவில் அகலமாக ஓடிவிட்டது, மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதிக்க நேரமானது. மஞ்சள் கார் பிரேக்கை முன்னால் முடித்துக்கொண்டது, அதனால் வளைவை விட்டு வெளியே வரும்போதே முழு மிதி. வளைவுக்குப் பிறகு வரும் நேர்கோடு முழுக்க அந்த லாபம் கூட வரும். உள்ளே போகும்போது ஒரு காரின் நீளம் பிடித்தவர், வெளியே வரும்போது இரண்டு காரின் நீளம் இழந்தார்.

22 வருஷம் பிரேக் வேலை செய்தும் எனக்குத் தெரியாத ஒன்றை 12 வயதுப் பையன் டப்பா மூடியில் எழுதி வைத்திருக்கிறான். அவனை எழுப்பிச் சொல்லணும் போல இருந்தது. தூங்கட்டும், காலையில் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 26, காலை 8.10

சொன்னேன். “நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்றான். பள்ளிக்கூடத்துக்கு மூடியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

ஆகஸ்ட் 27, இரவு 9.00

மாலையில் ரேஸ் எல்லாம் முடிந்து, கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் பேடாக் பக்கம் எங்களை விட்டபோது நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். கழற்றிப் போட்ட டயர் ஒன்று நிழலில் கிடந்தது. மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுத் தொட்டேன். வெட்டு, கோடு எதுவும் இல்லாத வழுவழு டயர். அது ஓடி முடித்து எவ்வளவோ நேரம் ஆகியும் கை வைத்தால் கதகதவென்று இருந்தது. வெயிலில் உருகிய தார் போல விரலைப் பிடித்து இழுத்தது. மேலெல்லாம் பொடிக்கல், இன்னொரு காரின் ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தன. விரலை எடுத்தபோது என் ரேகை அதில் பதிந்திருந்தது.

பாதையோரம் அந்த ரப்பர் துணுக்குகள் உருண்டை உருண்டையாகச் சிதறிக் கிடக்கும். அதன்மேல் சக்கரம் ஏறினால் பிடிமானம் போய்விடும், அதனால்தான் எல்லோரும் ஒரே தடத்தில் ஓடுகிறார்கள் என்றார் அந்த மெக்கானிக். வீட்டுக்கு வந்து பார்த்தால் மனைவியின் செருப்பின் அடியில் இரண்டு துணுக்கு. அவளே எடுத்து, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், பையன் கண்ணில் படும்படி வைத்திருக்கிறாள். காலையில் என்னை அப்படிப் பார்த்தவள்!

ஆகஸ்ட் 29, காலை 6.15

பர்கூர் நண்பரே, பையனைக் கூட்டி வாருங்கள். காதுக்கு மட்டும் அவசியம் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள், கட்டட வேலைக்காரர்கள் போடும் காதடைப்பான் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நாங்கள் பஞ்சு வைத்துச் சமாளித்தோம், போதவில்லை, பையனுக்கு இரவுவரை காது இரைந்தது. துண்டு, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நுழைவு விதி ரேஸுக்கு ரேஸ் மாறும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்கிறேன்.

அடுத்த ரேஸுக்கு வேன் சொல்லிவிட்டேன். அப்பா முன் இருக்கை. இன்னும் நான்கு இடம் இருக்கிறது. இந்த முறை மூன்று மணிக்கே கிளம்புகிறோம், தகுதிச் சுற்றை முழுதாகப் பார்க்கணும் என்று பட்டறைத் தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை மேம்பாலத்துப் பக்கம் ஏறிக்கொள்ளலாம். நிப்பட்டு எங்கள் பொறுப்பு. உங்கள் பையனுக்கு ஒரு பேனாவும் அட்டையும் கொடுத்து அனுப்புங்கள்.